பனிமூட்டத்தில் தொலைந்த ராஜாவும் குழியில் கிடந்த 47 பேரும்

லுட்சன் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைப் பலகையில்தான். லைப்சிக்கிலிருந்து காரில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் வரும், ஏதோ ஒரு சின்ன ஊர் என்று தாண்டிப் போய்விடுவேன். ஐந்து வருடம் இப்படியே ஓடிவிட்டது. அப்புறம் ஒரு தடவை ஸ்டாக்ஹோம் போயிருந்தபோது, அரண்மனையின் நிலவறையில் இருக்கிற ராஜ ஆயுதக்கூட மியூசியத்துக்குள் நுழைந்தேன். வெளியே குளிர் தாங்கவில்லை, அதுதான் காரணம், வரலாற்று ஆர்வம் எல்லாம் ஒன்றும் இல்லை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குதிரை நின்றது. பாடம் பண்ணி வைத்த குதிரை. தோல் வெளுத்துப்போய், அங்கங்கே தையல் தெரிந்தது. பக்கத்தில் இருந்த குறிப்பில் 'ஸ்ட்ரைஃப், லுட்சன், 1632' என்று பார்த்ததும், அட, இது நம்ம பலகை ஊர் ஆயிற்றே என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தக் குதிரைதான் என்னைக் கடைசியில் லுட்சனுக்கு இழுத்துக்கொண்டு போனது.

போனது நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நவம்பரில் போனால்தான் சரியாக இருக்கும் என்று நான்தான் அடம்பிடித்தேன், கூட வந்த நண்பன் வழியெல்லாம் அதற்காகத் திட்டிக்கொண்டே வந்தான். லைப்சிக்கிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். ஒரு சந்தைச் சதுக்கம், ஒரு சர்ச், ஒரு பழைய சிறு கோட்டை, ஞாயிறு என்பதால் சாத்திக் கிடக்கிற கடைகள். ஊருக்குள் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் தாராளம். அதற்கு வெளியே எல்லாப் பக்கமும் வயல், தட்டை வயல், ஒரு மேடு பள்ளம்கூடக் கிடையாது. "டேய், இங்க பார்க்க என்னடா இருக்கு?" என்றான் அவன். நியாயமான கேள்விதான். போர்க்களம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான், நடந்தது தெரிந்தால்தான் ஏதாவது தெரியும், தெரியாதவனுக்கு அது வெறும் வயல்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். முப்பதாண்டுப் போர் 1618-இல் ப்ராகில் ஆரம்பித்தது. கத்தோலிக்கரான புனித ரோமப் பேரரசர் ஒரு பக்கம், ப்ராட்டஸ்டண்ட் சிற்றரசர்கள் மறுபக்கம். 1630-இல் ஸ்வீடன் ராஜா குஸ்டாவ் அடால்ஃப் கடல் தாண்டி வந்து ப்ராட்டஸ்டண்டுகள் பக்கம் இறங்கினார். மதத்துக்காக நடந்த போர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் இந்த ப்ராட்டஸ்டண்ட் ராஜாவின் படைக்குப் பணம் கொடுத்தது பிரான்ஸ், அந்தப் பணத்துக்கு ஏற்பாடு செய்தவர் பிரான்ஸ் ராஜாவின் முதன்மை அமைச்சர் ரிஷெல்யூ, அவர் ஒரு கத்தோலிக்கக் கார்டினல்! இதற்கு மேல் அரசியலுக்குள் போனால் பதிவு முடியாது, விட்டுவிடுவோம்.

1632 நவம்பரில் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன், இந்த வருடச் சண்டை முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டார். குளிர் வந்துவிட்டது, குதிரைகளுக்குத் தீவனம் இல்லை, இனி எவன் சண்டைக்கு வருவான் என்று படையைப் பிரித்து அங்கங்கே குளிர்கால முகாமுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவருடைய முரட்டுக் குதிரைப்படைத் தலைவன் பாப்பன்ஹைம் ஒரு பெரும் பிரிவோடு ஹாலே என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டான். இந்தத் தகவல் குஸ்டாவ் அடால்ஃப் காதுக்கு எட்டியதும் அவர் ஒரே மூச்சாகப் புறப்பட்டு வந்தார். எதிரி பாதிப் படையோடு இருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தது ரிப்பாஹ் என்ற ஒரு சின்ன ஓடை. பெரிய ஆறு எல்லாம் இல்லை, கரைகள் சேறும் சகதியுமான ஒரு ஓடை. அதைக் கடக்கும் இடத்தில் பேரரசர் தரப்பின் சிறிய பிரிவு ஒன்று ஸ்வீடன் படையைச் சில மணி நேரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டது. நவம்பரில் இங்கே பொழுது எவ்வளவு சீக்கிரம் சாயும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்வீடன் படை லுட்சனை நெருங்கும்போது இருட்டிவிட்டது. சண்டை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. வாலன்ஸ்டைனுக்கு ஒரு ராத்திரி கிடைத்தது.

அந்த ராத்திரியில் அவர் செய்தவை இரண்டு. ஒன்று, சாலையோரப் பள்ளங்களை ஆழமாகத் தோண்டச் சொல்லி, அவற்றுக்குள் மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கி ஏந்திய வீரர்களை இறக்கினார். இன்னொன்று, பாப்பன்ஹைமுக்கு ஒரு கடிதம். எதிரி வந்துகொண்டிருக்கிறான், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆட்களையும் பீரங்கிகளையும் கூட்டிக்கொண்டு விடிவதற்குள் இங்கே வந்து சேர் என்பது அதன் சாரம். கடிதம் ஹாலேக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. பாப்பன்ஹைம் காலாட்படையைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, கடிதத்தை உடுப்புக்குள் செருகிக்கொண்டு, குதிரைப்படையோடு கிளம்பிவிட்டான்.

அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. வியன்னாவின் ராணுவ வரலாற்று மியூசியத்தில். கறைபடிந்த கடிதம், காரணம் பின்னால் வருகிறது.

தேதி விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. போர் நடந்தது 1632 நவம்பர் 16. ஆனால் ஸ்வீடன்காரர்களைக் கேட்டால் நவம்பர் 6 என்பார்கள், இன்றைக்கும் அவர்களுக்கு நவம்பர் 6-தான் குஸ்டாவ் அடால்ஃப் நாள், அன்றைக்கு ராஜாவின் தலை வைத்த கேக்கெல்லாம் விற்கும். இரண்டு தேதியும் சரிதான். போப் கொண்டுவந்த புது காலண்டரை ப்ராட்டஸ்டண்டுகள் அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை, போப் சொன்னார் என்பதற்காக நாங்கள் 10 நாளை விட்டுக்கொடுப்பதா என்ற வீம்பு. ஆக, ஒரே காலையில், ஒரே வயலில், சாலைக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு 6-ஆம் தேதி, அந்தப் பக்கம் நின்றவனுக்கு 16-ஆம் தேதி.

இதை நண்பனிடம் சொன்னபோதுதான் அவன் முதல் தடவையாக போனைப் பாக்கெட்டில் வைத்தான்.

அந்தச் சாலை இப்போதும் இருக்கிறது. பழைய காலத்தில் அது ராஜபாட்டை, இன்று பி 87 என்று எண் போட்ட தார்ச்சாலை. ஊரிலிருந்து லைப்சிக் பக்கமாக அதன் ஓரத்தில் நடந்தால் கொஞ்ச தூரத்தில் நினைவிடம் வரும். நாங்கள் நடந்த அன்று காலையில் பனிமூட்டம், நான் ஆசைப்பட்டது போலவே. அடர்த்தி என்று சொல்ல முடியாது, 200 மீட்டருக்கு அப்பால் மரங்கள் கரைந்துபோகிற அளவுதான். தூரத்துக் காற்றாலைகளில் இறக்கை மட்டும் வந்து வந்து மறைந்தது. அன்றைக்கும் இங்கே காற்றாலைகள் இருந்தன, மாவரைக்கிறவை. அவற்றை ஒட்டித்தான் வாலன்ஸ்டைன் தன் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார். ஸ்வீடன்காரர்கள் வளைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று லுட்சன் ஊருக்கே தீ வைத்தார்கள். பனி ஒரு பக்கம், ஊர் எரிகிற புகை ஒரு பக்கம், அதோடு வெடிமருந்துப் புகை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் தொடங்க வேண்டிய சண்டை பனியால் தள்ளிப்போய் 11 மணி வாக்கில்தான் தொடங்கியது. ஸ்வீடன் தரப்பில் சுமார் 19,000 பேர். வாலன்ஸ்டைனிடம் காலையில் அதைவிடக் கணிசமாகக் குறைவு, பாப்பன்ஹைம் வந்தால்தான் ஈடாகும் என்ற நிலை. வலது பக்கத்தில் ராஜாவே முன்னால் நின்று அடித்து முன்னேறினார். நடுப்பகலில் பாப்பன்ஹைம் வந்து சேர்ந்தான், இரவு முழுக்கக் குதிரையில் வந்தவன் இறங்கிக்கூட நிற்காமல் நேரே மோதினான், கொஞ்ச நேரத்திலேயே குண்டு பட்டு விழுந்தான். உடுப்புக்குள் அந்தக் கடிதம் இருந்தது இல்லையா, அதன் கறை அப்படி வந்ததுதான். கோச்சு வண்டியில் போட்டு லைப்சிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை.

இதே நேரத்தில்தான் ராஜாவும் தொலைந்தார். தொலைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் தன் காலாட்படை அடிவாங்குகிறது என்று கேள்விப்பட்டு, குதிரைப்படை ஒன்றைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தார். அவருக்குக் கிட்டப்பார்வை. 1627-இல் போலந்துச் சண்டையில் கழுத்தருகே தோளில் குண்டு பாய்ந்து அது உள்ளேயே தங்கிவிட்டதால், அதற்கு மேல் இரும்புக் கவசம் போட்டால் வலி தாங்காது. அதனால் காட்டுமான் தோலில் தைத்த ஒரு தடித்த கோட்டு மட்டும்தான் மேலே. கிட்டப்பார்வைக்காரர், கவசம் இல்லை, பனிமூட்டம், ஓடுவதோ புதிய வேகமான குதிரை. பின்னால் வந்தவர்கள் அவரைத் தவறவிட்டார்கள். கூட இருந்தது ஒரு சிலர்தான், அதில் ஒருவன் லாய்பல்ஃபிங் என்ற 18 வயதுப் பையன், ராஜாவின் பணியாள். முதல் குண்டு ராஜாவின் இடது கையில், எலும்பு முறிந்தது. குதிரைக்கும் கழுத்தில் குண்டு. அப்புறம் முதுகில் இன்னொன்று. கீழே விழுந்தவரைக் குத்தினார்கள், கடைசியாகத் தலையில் சுட்டார்கள். வாழ்ந்தது 37 வருடம். ஊரில் மகள் கிறிஸ்டினாவுக்கு அப்போது 6 வயதுகூட நிறையவில்லை.

ராஜா செத்தது படைக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஸ்ட்ரைஃப் மூலமாகத்தான். கழுத்தில் ரத்தத்தோடு, முதுகில் ஆள் இல்லாமல், அந்தக் குதிரை சொந்தப் படையின் வரிசைகளுக்கு நடுவே ஓடியது. ஸ்டாக்ஹோமில் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்தது அதே குதிரையை. 1,000 ரிக்ஸ்டாலர், அதாவது அந்தக் கால வெள்ளிக்காசு, கொடுத்து வாங்கியதாம், ஒரு சாதாரணப் படைக்குதிரைக்கு 100-கூட ஆகாத காலத்தில். காயம் ஆறி அன்று பிழைத்துக்கொண்டது, ராஜாவின் உடலோடு ஊர் திரும்பும் வழியில், 1633-இல் பால்டிக் கரையில் வோல்காஸ்ட் என்ற ஊரில் செத்தது. செத்ததும் தோலை உரித்துப் பத்திரமாக அனுப்பிவைத்தார்கள்.

யார் ஜெயித்தது? நண்பனும் இதைத்தான் கேட்டான். தலைவன் செத்த படை ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. ராஜாவின் பாதிரியார் சிதறியவர்களைக் கூட்டி பைபிள் சங்கீதம் பாட வைத்தார் என்கிறார்கள். சாக்ஸ-வைமர் இளவரசன் பெர்ன்ஹார்ட் தலைமையைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாங்கலாம் என்ற பேச்சைத் தள்ளிவிட்டு, மாலையில் அந்தக் காற்றாலைப் பீரங்கிகளைப் பிடித்தான். இருட்டின பிறகு பாப்பன்ஹைமின் காலாட்படை, ஹாலேயிலிருந்து நாளெல்லாம் நடந்து, களைத்துப்போய் வந்து சேர்ந்தது. மறுநாள் சண்டை போட வாலன்ஸ்டைனுக்குப் புதுப் படை வந்துவிட்டது என்றே சொல்லலாம், ஆனால் அவருக்குத் தெம்பு இல்லை. கீல்வாதத்தில் நடக்கவே சிரமப்படுகிற மனிதர். பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார். களத்தில் நின்றது ஸ்வீடன் படை, அதனால் வெற்றி அவர்களுக்கு. ராஜாவைக் கொடுத்து வாங்கிய வெற்றி! களத்தை விட்டு ஓடிப்போன அதிகாரிகளுக்கு வாலன்ஸ்டைன் அடுத்த வருடம் ப்ராகில் மரண தண்டனை கொடுத்தார், 1634-இல் அவரையே பேரரசரின் ஆட்கள் கொன்றார்கள். போர் 1648 வரை ஓடியது. லுட்சனால் எதுவும் முடியவில்லை.

ராஜாவின் உடலை ராத்திரியில்தான் கண்டெடுத்தார்கள். சட்டையைத் தவிர மேலே ஒன்றும் இல்லை, மற்ற எல்லாவற்றையும் உருவிவிட்டார்கள். பக்கத்து மொய்ஷன் கிராமத்து சர்ச்சுக்குக் கொண்டுபோய், அப்புறம் வைசன்ஃபெல்ஸில் பதப்படுத்தி, ஊர் ஊராகக் கடந்து, 1634-இல்தான் ஸ்டாக்ஹோமில் அடக்கம். அந்தத் தோல் கோட்டு எதிரிகள் கையில் சிக்கி வியன்னாவுக்குப் போய், பேரரசரிடம் வெற்றிச் சின்னமாக இருந்தது. கிட்டத்தட்ட 300 வருடம். முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரியா பட்டினியில் கிடந்தபோது ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் செய்த உதவிக்கு நன்றியாக, 1920-இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது குதிரை இருக்கிற அதே மியூசியத்தில் அதுவும் இருக்கிறது, ஓட்டைகளோடு. குதிரைத் தோல், கோட்டு, ரத்தக் கறை படிந்த சட்டைகள், எல்லாவற்றுக்கும் எங்கே இருந்தது, எப்போது வந்தது என்று கணக்கு இருக்கிறது.

ராஜா விழுந்த இடத்தில் ஒரு பாறாங்கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். செதுக்கல், வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. ஸ்வீடன் கல் என்று பெயர். 1837-இல் அதன் மேல் வார்ப்பிரும்பில் ஒரு கூர்மண்டபம் எழுப்பினார்கள், வடிவமைத்தவர் பெர்லினின் பெரிய கட்டடக் கலைஞர் ஷிங்கல். 1907-இல் ஸ்வீடன் பணத்தில் பின்னால் ஒரு சின்ன சர்ச். சிவப்பு வண்ணம் பூசிய மர வீடுகள் வேறு, பனியில் பார்த்தால் ஜெர்மனி என்றே தோன்றாது. மண்டபம் அழகுதான், ஆனால் என் கண் அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நடுகல்தானே இது என்று நண்பன் சொன்னான். ஆமாம், நடுகல்லேதான். என்ன, நம் நடுகல்லில் பெயர் தெரியாத சாதாரண வீரனும் இருப்பான், இங்கே ராஜாவுக்கு மட்டும்.

மற்றவர்கள்? அன்று ஒரே நாளில் செத்தவர்கள் 6,000-க்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். எரிந்துபோன ஊரின் மிச்ச ஜனங்கள்தான் அவர்களைப் புதைக்க வேண்டியிருந்தது. அவர்கள் எங்கே என்று ரொம்ப காலம் யாரும் தேடவே இல்லை. 2006 முதல் தொல்லியல் ஆட்கள் மெட்டல் டிடெக்டரோடு இந்த வயல்களை வரிசை வரிசையாக நடந்து, ஈயக் குண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். பிஸ்டல் குண்டு கிடந்தால் அங்கே குதிரைப்படை, மஸ்கட் குண்டு கிடந்தால் காலாட்படை. அதை வைத்துத் தேடியபோது 2011-இல் ஒரு குழி கிடைத்தது. உள்ளே 47 பேர்.

எலும்பு எலும்பாகப் பிரிக்காமல், மண்ணோடு மொத்தமாக வெட்டித் தூக்கி, ஹாலே மியூசியத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். வருடக்கணக்கில். இப்போது அது லுட்சனிலேயே, நினைவிடத்தை ஒட்டிய மியூசியத்தில் இருக்கிறது. நான் இதுவரை எழுதியதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டது, இது நேரில் பார்த்தது. நெருக்கமாக, ஒருவன் காலுக்கு அருகில் இன்னொருவன் தலை. ஒருவனுடைய கை பக்கத்தில் கிடப்பவன் நெஞ்சுக்கு மேல் கிடந்தது, பஸ்ஸில் தூங்குகிறவர்கள் கை இப்படித்தான் நம் மேல் விழும். பொத்தான், பெல்ட், எதுவும் கிடையாது, குழியில் போடுவதற்கு முன்பே துணிகூட விடாமல் உருவிவிட்டார்கள். அதில் மட்டும் ராஜாவும் இவர்களும் ஒன்றுதான். பாதிக்கு மேல் பேர் துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள், அதிலும் நிறையப் பேருக்குத் தலையில். முந்தைய சண்டைகளில் பட்டு ஆறிப்போன காயங்களும் இருக்கின்றன. சிலர் பதின்வயதைத் தாண்டாதவர்கள். எந்த மியூசியத்திலும் போட்டோ எடுக்காமல் நகராதவன் என் நண்பன், அங்கே எடுக்கவில்லை. எடுக்காதே என்று எந்தப் பலகையும் என் கண்ணில் படவில்லை.

அந்த லாய்பல்ஃபிங் பையனைச் சொன்னேன் அல்லவா, அவன் சில நாள் கழித்து நாம்பூர்கில் செத்தான். சாவதற்கு முன்னால் ராஜாவின் கடைசி நிமிடங்களைச் சொல்லிவிட்டுப் போனான். ராஜாவைப் பற்றிச் சொன்னதால்தான் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது.

ஒரு துணைச்செய்தி: 1813 மே மாதம் இதே ஊரின் பக்கத்தில் நெப்போலியனும் ஒரு சண்டை போட்டு ஜெயித்தார், அதற்கும் லுட்சன் போர் என்றுதான் பெயர். கடவுள் செத்துவிட்டார் என்று எழுதிய நீட்சே பிறந்ததும் புதைக்கப்பட்டதும் ரோக்கன் கிராமத்தில், அதுவும் இப்போது லுட்சன் நகராட்சிக்குள்தான். மதத்துக்காக இத்தனை பேர் செத்த மண்ணில் அவர் வந்து பிறந்திருக்கிறார்! ரோக்கனுக்கும் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன், நண்பன் ஒரு பார்வை பார்த்தான், விட்டுவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸை எங்கள் கண்ணெதிரே விட்டோம். ஞாயிற்றுக்கிழமை, அடுத்தது வர ஏகப்பட்ட நேரம். சாலையோரம் உழுதுபோட்டிருந்த வயல் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவன் குனிந்து எதையோ எடுத்தான், கோலிக்குண்டு அளவு, மண் ஒட்டிக்கொண்டு உருண்டையாக. "குண்டு மாதிரி இல்ல?" என்று உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தான். ஈயம் என்றால் கை இறங்கும். அது இறங்கவில்லை, வெறும் கூழாங்கல். குண்டாகவே இருந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு போக முடியாது, இங்கே அது குற்றம் என்றேன். தெரியும் என்றான். ஆனாலும் அதைத் தூக்கிப் போடாமல், எடுத்த அதே இடத்தில் குனிந்து வைத்துவிட்டு வந்தான்.